வெள்ளிக்கிழமை அடுப்பு

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணி. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கி வருவோரின் நடையில் ஒரு தனி விரைவு தெரிகிறது. வெள்ளைச் சட்டையில் பூசிய அத்தரின் மணம் இன்னும் மாறவில்லை. அதற்குள் தெருமுனையிலேயே நெய்ச்சோற்றின் மணம் எதிர்கொண்டு அழைக்கிறது. வீட்டில் பாய் விரித்தாயிற்று. சஹன் வந்து நடுவில் அமர்கிறது. இறைச்சி ஆணமும் தாளிச்சாவும் பச்சடியும் அதைச் சுற்றி அணிவகுக்கின்றன. வாப்பாவும் பிள்ளைகளும் வட்டமாக அமர்ந்து 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கை வைக்கிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான்.

ஆனால், இந்த வட்டத்தில் ஒருவரை மட்டும் காணவில்லை. காலையில் பசியாறிய பாத்திரங்களைக் கழுவி வைத்த கையோடு மீண்டும் அடுப்படிக்குள் நுழைந்த அந்த வீட்டின் தாய் அங்கே இல்லை. வெங்காயம் அரிந்து, இஞ்சி பூண்டு அரைத்து, இறைச்சியை வேகவைத்து, சோற்றைத் தம்மில் இட்டு, இடையில் லுஹரை அவசரமாகத் தொழுது முடித்து, இப்பொழுது கதவோரம் நின்று, 'இன்னும் கொஞ்சம் ஆணம் வைக்கட்டுமா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் உண்ணும்போது சோறு ஆறியிருக்கும். சுற்றி அமர்ந்தவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அண்மையில் எனக்கு உறவான ஒரு குடும்பத்தில் இது ஒரு வழக்காகவே எழுந்தது. மருமகள் ஆசிரியை. வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் பள்ளியில் பணியாற்றுகிறாள். "எனக்கு ஓய்வு கிடைக்கும் நாள் இது. இதுவும் தேக்சாவின் முன்னால் கழிந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டால் என்ன, மாமி?" என்று அவள் கேட்டாள். மாமிக்கு முகம் வாடிவிட்டது. "என் மாமி என் கையில் கொடுத்துவிட்டுப் போன வழக்கம் இது. நான் கண்மூடும்வரை இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைச் சோறு நிற்கக் கூடாது" என்றார். இருவரும் நல்லவர்கள், இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அன்று நான் மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வேலைநாளாகிவிட்டதால் இந்த விருந்தை ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியாக மாற்றிக்கொண்ட குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் மார்க்கத்தின் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெள்ளிக்கிழமைக்கெனச் சிறப்பாகச் சொல்லப்பட்டவை யாவை? குளிப்பது, தூய ஆடை அணிவது, நறுமணம் பூசுவது, ஜும்ஆவுக்கு முந்திச் செல்வது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது ஸலவாத்தை மிகுதியாக ஓதுவது, 'கஹ்ஃபு' அத்தியாயம் ஓதுவது ஆகியவை. இந்தப் பட்டியலில் நெய்யும் இல்லை, இறைச்சியும் இல்லை. கூடியமர்ந்து உண்பதுகூடக் கட்டாயமன்று. சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் 61-ஆம் வசனம் இடம் தருகிறது. ஆகவே வெள்ளிக்கிழமைச் சோறு பர்ளுமன்று, சுன்னத்துமன்று. அது ஆதத்து, நம் முன்னோர் விரும்பி வளர்த்த ஒரு வழக்கம்.

வழக்கந்தானே, விட்டுவிடலாம் என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. தாங்கள் உண்டும் வயிறு நிறைவதில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, தனித்தனியே உண்கிறீர்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவி, ஒன்றுகூடி இறைவன் பெயர் சொல்லி உண்ணுமாறும் அதில் பரக்கத் உண்டாகும் என்றும் கூறியதாக அபூதாவூத் நூலில் ஒரு நபிமொழி இருக்கிறது. கட்டாயமில்லாத ஒன்றிலும் அருள் இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

வாரத்தில் ஒரு நாளைச் சிறப்பித்த சமுதாயங்கள் அந்த நாளுக்கென ஒரு சமையலையும் வைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமை 'ரோஸ்ட்' உலகறிந்தது. பெரிய இறைச்சித் துண்டை அடுப்பறையில் வாட்ட வைத்துவிட்டுக் குடும்பத்தோடு தேவாலயம் போவார்கள். திரும்பி வந்ததும் உருளைக்கிழங்கோடும் இறைச்சிச் சாற்றோடும் அதைப் பகிர்ந்துண்பார்கள். வீட்டில் அடுப்பறை இல்லாத ஏழைகள் ரொட்டிக் கடையின் அடுப்பில் இறைச்சியைக் கொடுத்து வாட்டி வாங்கிச் சென்றதும் உண்டு. எஞ்சியது திங்கட்கிழமைக்கு ஆகும். ஏனெனில் அன்று துணி வெளுக்கும் நாள், பெண்களுக்குச் சமைக்க நேரமிராது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940-இல் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. 1954-இல்தான் அது நீங்கியது. அத்தனை ஆண்டுத் தட்டுப்பாட்டிலும் அந்த வழக்கம் அழிந்துவிடவில்லை. இன்றோ அங்கும், வாரந்தோறும் இதைச் சமைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி குடும்பங்களில் எழுகிறது.

யூதர்களின் வழக்கம் இன்னும் ஒரு படி நுட்பமானது. சனிக்கிழமை நெருப்பு மூட்ட அவர்கள் சட்டத்தில் தடை உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் பருப்பு வகையும் இறைச்சியும் தானியமும் சேர்ந்த பானையை மெல்லிய சூட்டில் ஏற்றிவிடுவார்கள். இரவெல்லாம் அது தானே வெந்து, மறுநாள் பகலுக்குச் சுடச்சுடக் கிடைக்கும். விருந்தும் நடக்கிறது, அந்த நாளில் அடுப்புக்கும் ஓய்வு, ஆக்கியவளுக்கும் ஓய்வு.

அந்நியர் வழக்கத்தைப் பார்த்து நாம் நடக்க வேண்டியதில்லை. மதீனாவில் நடந்த வெள்ளிக்கிழமை விருந்தொன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அறிவிப்பவர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள். அங்கே ஒரு மூதாட்டி தம் தோட்டத்து வாய்க்கால் கரையில் 'சில்க்' என்னும் கீரைச்செடியைப் பயிரிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அதன் வேர்த்தண்டுகளைப் பிடுங்கிப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துக் காய்ச்சுவார். இறைச்சியின் இடத்தில் அந்தத் தண்டுகள் இருந்தன. கொழுப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஜும்ஆ முடிந்து தோழர்கள் அவர் இல்லம் சென்று ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவை முன்வைப்பார். அதற்காகவே தாங்கள் வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) நினைவுகூர்கிறார்கள்.

இந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் வீட்டுத் தேக்சா என்னைப் பார்த்து நகைப்பதுபோல் தோன்றும். தோழர்கள் ஏங்கியது எதற்காக? வெறும் கீரைத்தண்டுக்கும் மாவுக்குமா? ஒரு தாயின் கை, ஒரு குறித்த நாள், ஒன்றாக வந்து அமரும் நண்பர்கள்: இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் எளிய கூழும் விருந்தாகிவிடுகிறது. இம்மூன்றும் பிரிந்த இடத்தில் சீரகச்சம்பாவும் இளங்கறியும் வயிற்றை நிரப்பலாம், வேறெதையும் நிரப்பா.

ஆக, மாமி காக்க நினைப்பது எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நெய்ச்சோற்றையா, வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒரு பாயில் அமர்வதையா? மருமகள் விட நினைப்பது எது? கூடி உண்பதையா, தன் ஒருத்தியின் முதுகில் ஏறிய சுமையையா? இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வழக்கில் பாதி தீர்ந்துவிடும். மாமி காப்பது ஒன்று, மருமகள் விலக்குவது வேறொன்று. நாம்தான் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

இனிச் சுமையைப் பற்றிப் பேசுவோம். ஜும்ஆவின் அழைப்பு ஒலித்தால் வணிகத்தை விட்டு விரையுங்கள் என்பது இறைக்கட்டளை. அதை மதித்து நம் கடைத்தெருக்களில் கதவுகள் சாத்தப்படுகின்றன. கடையைச் சாத்திவிட்டுப் போகிற அதே மனிதர், தம் வீட்டு அடுப்பு அந்த நேரத்தில்தான் உச்சமாக எரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஜும்ஆ பெண்கள்மீது கடமையில்லை என்பது உண்மையே. அதற்காக வெள்ளிக்கிழமையின் சிறப்பே அவர்களுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? ஸலவாத்தும் கஹ்ஃபும் துஆவும் அவர்களுக்கும் உரியவை அல்லவா? நம் நாவின் ருசிக்காக அவர்களின் நன்மையான நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது நினைக்கவே அச்சமூட்டுகிறது.

'சமையல் பெண்களின் வேலை. ஆண்களுக்கு அது வராது' என்பார்கள். இதைவிடப் பெரிய பொய் கிடையாது. நம் ஊர்த் திருமணங்களிலும் கந்தூரிகளிலும் ஆயிரம் பேருக்குச் சோறாக்கும் பண்டாரி யார்? ஆண்தானே! வளைகுடா நாட்டில் ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை அங்கே பிரியாணி தம்மில் ஏறுகிறது. ஒருவர் வெங்காயம் அரிகிறார், ஒருவர் அரிசி களைகிறார், ஒருவர் பாத்திரம் துலக்குகிறார். எவருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை. அதே பிள்ளை விடுப்பில் ஊருக்கு வந்ததும் தண்ணீர்க் குவளையைக்கூடத் தானே எடுப்பதில்லை. கடல் கடந்தால் வரும் கைத்திறன், வீட்டு வாசற்படி கடந்ததும் எங்கே போகிறது?

வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்பது அன்னையின் விடை. இதுவும் புகாரியில் உள்ளதே. தாடியிலும் தலைப்பாகையிலும் சுன்னத்தைத் தேடுகிற நாம், வெங்காயம் அரியும் பலகையருகில் அது காத்திருப்பதைக் கவனிக்கவில்லை.

'இவ்வளவு தொல்லை எதற்கு? கடையில் வாங்கிவிட்டால் போயிற்று' என்று இளைஞர்கள் சொல்வார்கள். கடைச்சோறு ஹராம் அன்று. உடல்நலமில்லாத தாய்க்கு அது பேருதவி. ஆனால் பொட்டலம் வீட்டுக்குள் வந்ததும் நடப்பதைப் பாருங்கள். ஒருவன் கைப்பேசியின் முன் தன் பங்கைப் பிரிக்கிறான். ஒருவன் மூன்று மணிக்கு உண்கிறான். மகள் தன் அறைக்கு எடுத்துச் செல்கிறாள். தாயின் சுமை குறைந்தது, சரி. பாயும் சுருட்டி வைக்கப்பட்டுவிட்டதே! அடுப்பை அணைக்கும்போது வட்டத்தையும் சேர்த்துக் கலைத்துவிடுவது தீர்வாகாது. கடையில் வாங்கினாலும் ஒரே சஹனில் கொட்டி ஒன்றாக அமர்ந்தால் பழுதில்லை.

செலவையும் எண்ண வேண்டும். அடுத்த வீட்டில் இறைச்சி மணக்கிறதே என்பதற்காகக் கடனுக்குக் கறி வாங்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. மதுவைப்போலவே இறைச்சியும் ஒரு பழக்கமாகப் பற்றிக்கொள்ளும் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததை இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்கிறது. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. நம் ஆணம் நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே போகிறது. அண்டை வீட்டுக்குப் போகும் கிண்ணமோ சுருங்கிக்கொண்டே வருகிறது. மணம் மட்டும் சுவர் தாண்டிச் சென்று, கிண்ணம் செல்லாவிட்டால், அந்த விருந்தை விருந்தென்று எப்படிச் சொல்வது?

மாமியின் அச்சம் ஒன்று மீதம் இருக்கிறது. வாரந்தோறும் செய்யாவிட்டால் கைப்பக்குவம் மறந்துபோகும், நம் வீட்டுச் சுவை நம்மோடு முடிந்துவிடும் என்கிறார். இது வீண் அச்சமன்று. நெய்ச்சோற்றின் பதம் நூலில் இல்லை, கையில் இருக்கிறது. ஆனால் ஒரு பக்குவத்தைக் காக்க வேண்டுமானால் ஒரே கையில் பூட்டி வைக்கக் கூடாது. மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும். பல கைகள் அறிந்த கலை மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினாலும் மறக்காது. ஒரு கை மட்டும் அறிந்த கலை, வாரந்தோறும் ஆக்கினாலும் அந்தக் கையோடு போய்விடும்.

எனவே என் தீர்ப்பு இதுதான். வாரத்தில் ஒரு வேளை வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பதை எந்தக் குடும்பமும் விட வேண்டாம். இயன்றவரை அது தவறாமல் நடக்கட்டும். அந்த வேளையில் நெய்ச்சோறுதான் இருக்க வேண்டும் என்று எவரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஒரு வெள்ளி பிரியாணி, ஒரு வெள்ளி மீன் ஆணம், ஒரு வெள்ளி பருப்பும் கீரையும் என்று இருக்கட்டும். ஆக்கியவர் அமராமல் எவரும் கை வைக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டுச் சட்டமாக்குங்கள். இந்த ஒரு சட்டம் போதும். மற்றவை தாமே ஒழுங்குக்கு வந்துவிடும். தாய் வரும்வரை சோற்றின் முன் பசியோடு காத்திருக்கும் பிள்ளை, அடுத்த வாரம் தானே எழுந்துபோய்ப் பாத்திரம் எடுத்துத் தருவான்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்த உறவினர் வீட்டுக்கு மீண்டும் சென்றிருந்தேன். இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாற்பது வருஷமாக இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைச் சோறு ஆக்கியிருக்கிறேன். சூடாக ஒரு நாளும் தின்றதில்லை" என்றார். அவருடைய மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். சற்று நேரத்தில் எழுந்து அடுப்படிக்குச் சென்று, தம் கையாலேயே தேக்சாவைத் தூக்கிவந்து பாயருகில் வைத்துவிட்டு, தாயையும் மனைவியையும் அழைத்தார். அன்று அந்த வீட்டில் பருப்பாணமும் கருவாட்டுப் பொரியலுந்தான். அனைவரும் ஒன்றாகவே அமர்ந்தோம்.

நம் இல்லங்களின் உணவிலும், அதை ஆக்கும் கைகளிலும் வல்ல அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக. ஆமீன்.