பாலூட்டுகிறவளின் தட்டு

கைக்குழந்தையின் மலத்தில் சளியும் இழை இழையாக ரத்தமும் தெரிகின்றன. வேறு கோளாறு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்கிறார் குழந்தை மருத்துவர். தாய்ப்பாலைத் தொடரலாம், ஆனால் தாய் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதையும் தொடக்கூடாது என்று சீட்டில் ஒரு வரி எழுதித் தருகிறார். அந்த வரியில் பிழையில்லை. தாய் குடிக்கும் பாலில் உள்ள பீட்டா-லாக்டோகுளோபுலின் போன்ற புரதங்கள் மிக நுண்ணிய அளவில் தாய்ப்பாலிலும் வந்து சேர்கின்றன. சில குழந்தைகளுக்கு அந்த அளவே போதும், குடல் புண்ணாகிவிடும். என் கவலையெல்லாம் அதற்கு அடுத்து வரவேண்டிய வரியைப் பற்றித்தான். பாலுக்குப் பதிலாக அவள் எதைச் சாப்பிடுவாள் என்பதை, நான் பார்த்த சீட்டு எதிலும் யாரும் எழுதவில்லை.

அவள் எதை இழக்கிறாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் காபி, பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால், மதியம் தயிர்சாதம், இரவில் பூண்டு போட்டுக் காய்ச்சிய பால். எல்லாம் சேர்ந்தால் அரை லிட்டருக்குக் குறையாது. அதில் ஏறத்தாழ 300 கலோரி, 16 கிராம் புரதம், 600 மில்லிகிராம் கால்சியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். கால்சியம் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம். கூடுதலாகத் தேவைப்படும் புரதம் ஏறக்குறைய முழுவதையும் அந்தப் பாலே கொடுத்துக்கொண்டிருந்தது. கால்சியத்தில் பாதியும் அதில்தான். அதைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு வேறெதையும் வைக்காமல் அனுப்புவது வைத்தியத்தில் பாதிதான்.

மீதிப் பாதி வீட்டில் கெடுகிறது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு ஏற்கெனவே பத்தியம் உண்டு. பச்சை உடம்பு என்று குளிர்ச்சியானதைத் தள்ளுவார்கள், சளி பிடிக்கும் என்று பழத்தைத் தள்ளுவார்கள், வாயு என்று பருப்பையும் கிழங்கையும் தள்ளுவார்கள். இதோடு பாலும் போகிறது. இரண்டு நாளில் குழந்தை மறுபடி வீறிட்டால், “நேத்து என்னடி சாப்பிட்ட?” என்ற விசாரணை தொடங்குகிறது. முட்டை போகும், மீன் போகும், கடலை போகும். “வாயைக் கட்டினாத்தான் புள்ள வயிறு சரியாகும்” என்று சொல்லும் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. ஆனால் பழைய பத்தியத்தில் விலக்கியவை எவ்வளவோ, அவ்வளவுக்கு ஊட்டியவையும் உண்டு. பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, கருப்பட்டி சேர்த்த பிரசவ லேகியம் என்று பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார்கள். இன்று பல வீடுகளில் விலக்கு மட்டும் நிலைத்துவிட்டது. ஊட்டுவதற்கு ஆளில்லை.

இந்தப் பட்டினி வெளியே தெரிவதில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. தாய் அரைவயிறு சாப்பிட்டாலும் பாலின் அளவு எளிதில் குறையாது, குழந்தையின் எடை ஏறிக்கொண்டே இருக்கும். உணவில் கால்சியம் இல்லாவிட்டாலும் பாலில் கால்சியம் இருக்கும், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது உடம்பு. பாலூட்டும் முதல் மாதங்களில் எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை குறைவது நன்றாகச் சாப்பிடும் தாய்க்கே இயல்பு. பால்குடி மறந்தபின் பெரும்பாலும் அது திரும்ப ஏறிவிடும். ஆனால் திரும்ப ஏறுவதற்கும் சோறு வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குழந்தையை எடைபார்க்கும் தராசு எல்லா மருத்துவர் அறையிலும் இருக்கிறது. தூக்கி வந்தவளையும் ஒருமுறை ஏறி நிற்கச் சொன்னால் என்ன?

என் தங்கை மகளுக்கு இப்படிப் பாலை நிறுத்தியிருந்தார்கள். இரவு மூன்று மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் அவளுக்குக் கை நடுங்குமளவுக்குப் பசிக்கும். அடுக்களையில் கையில் சிக்குவது பிஸ்கட்டும் பிரெட்டும்தான். பாக்கெட்டைத் திருப்பி செல்போன் வெளிச்சத்தில் படித்தால் ‘பால் திடப்பொருள்’ என்று இருக்கும். பிரசவத்துக்குப் பார்க்க வந்தவர்கள் வாங்கிவந்த ஹார்லிக்ஸிலும் அதுவே. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். “பசிக்குது பெரியம்மா, ஆனா எதைத் தொட்டாலும் பயமா இருக்கு” என்றாள். அவளுக்கு அறிவுரை தேவைப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சம்படம் தேவைப்பட்டது. எள்ளுருண்டை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், அவித்த வேர்க்கடலை என்று, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் சாப்பிடக்கூடியவையாகப் போட்டு வைத்தோம். தினமும் அதை நிரப்புவது அவள் கணவனின் வேலை என்று முடிவானது. அவனும் மறக்காமல் செய்தான்.

பாலின் இடத்தை நிரப்ப நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். காலையில் கேழ்வரகுக் கூழோ அடையோ, அதில் ஒரு பிடி முருங்கைக்கீரை. மதியம் சோற்றுக்கு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். இரண்டு மேசைக்கரண்டி எள்ளில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். மீன் சாப்பிடும் வீடானால் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி. இவற்றோடு முட்டை, பருப்பு, சுண்டல். தேங்காய்ப்பால் கலோரி தரும், குழம்பைக் கெட்டியாக்கும், ஆனால் கால்சியத்துக்கு அதை நம்ப முடியாது. கடையில் விற்கும் பாதாம்பாலில் விலைதான் கூடுதல், புரதம் மிகக் குறைவு. ஆட்டுப்பால், எருமைப்பால், ‘ஏ2’ பால் எதுவும் மாற்றாகாது, அவற்றின் புரதமும் ஏறக்குறைய அதேதான். லேகியத்தை நெய்யில்லாமல் நல்லெண்ணெயில் கிண்டிக்கொள்ளலாம்.

மாத்திரையை மறந்துவிடக் கூடாது. பிரசவமான ஆறு மாதம் வரை தாய்க்கு தினம் இரண்டு வேளை 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை தருவது அரசின் வழிகாட்டலிலேயே இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் வேறு நேரத்தில் போட வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அவளுக்கு வைட்டமின் பி12 கிடைத்துவந்த வழி பாலும் தயிரும்தான். கால்சியத்தைப் போல இதை உடம்பு ஈடுகட்டிக் கொடுக்காது. தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறையும், குழந்தையின் ரத்தத்தையும் நரம்பு வளர்ச்சியையும் அது பாதிக்கும். பாலை நிறுத்தச் சொல்லும் அன்றைக்கே இவளுக்கு பி12 எழுதித் தர வேண்டும். இதில் தாமதத்துக்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த விலக்குக்கு ஒரு முடிவுத்தேதி இருக்கிறது என்பதை அவளிடம் சொல்வது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவர்களுக்குத்தான் உண்மையில் இந்த ஒவ்வாமை. அழுகிற எல்லாக் குழந்தைக்கும், பச்சையாகப் போகிற எல்லாக் குழந்தைக்கும் காரணம் தாய் குடித்த பால் ஆகாது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தாயின் பாலை நிறுத்துவதில் பயனே இல்லை. தாய்ப்பாலிலுள்ள லாக்டோஸ் அவள் உடம்பிலேயே உண்டாவது, அவள் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது இருக்கும். புரத ஒவ்வாமை என்ற சந்தேகத்தில் நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரம் பார்க்க வேண்டும். குழந்தையிடம் மாற்றமில்லை என்றால் காரணம் வேறு, அவள் பழையபடி சாப்பிடலாம். மாற்றம் தெரிந்தாலும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒருமுறை மறுபடி குடித்துப் பார்த்தால்தான் உறுதியாகும். இந்தக் கட்டத்தைப் பல வீடுகளில் தாண்டுவதே இல்லை. நின்ற ரத்தம் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது, யாருக்கும் வரும். ஆனால் அந்தப் பயத்தில் ஒருத்தி காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் குறைத்துச் சாப்பிடுகிறாள். உறுதியான ஒவ்வாமையிலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதையொட்டிப் பால் ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. எந்தத் தேதியில் மறுபடி வரவேண்டும், எப்போது பாலைக் குடித்துப் பார்க்கலாம் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் மருத்துவர் அறையிலிருந்து எழ வேண்டும். அவளுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால் கூடப்போகிறவர் கேட்கட்டும்.