பயணப் பெட்டியும் அபரிக்ரஹமும்

அலுவல் நிமித்தமாக மூன்று நாள் வெளியூர் செல்பவரின் பெட்டியில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும். பணிக்குத் தேவையானவை ஒரு வகை; ‘ஒருவேளை தேவைப்படலாம்’ என்று வைக்கப்பட்டவை மற்றொரு வகை. ஜனவரி மாதத்தில் மும்பையிலிருந்து கான்பூருக்குச் செல்லும் ஒரு நிறுவன அதிகாரியை எண்ணிப் பார்ப்போம். மூன்று சட்டைகள், கம்பளி உடை, கோப்புகள், மடிக்கணினி, மூக்குக்கண்ணாடி, அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவை பணியும் பருவமும் உடலும் கேட்பவை. ஒருவேளை விருந்துக்கு அழைத்தால் என்று ஒரு கோட்டு, ஒருவேளை சட்டையில் கறை பட்டால் என்று மேலும் இரண்டு சட்டைகள், ஒருவேளை நேரம் கிடைத்தால் என்று மூன்று புத்தகங்கள். இவை அச்சமும் ஆசையும் கேட்பவை. முதல் வகைக்கு எல்லை உண்டு. இரண்டாம் வகைக்குப் பெட்டியின் மூடி மட்டுமே எல்லை.

துணிகளை மடிக்காமல் சுருட்டி வைத்தால் இடம் மிஞ்சும். காலுறைகளைக் காலணிக்குள் திணிக்கலாம். கனத்த காலணியை அணிந்துகொண்டே புறப்படலாம். இவை நல்ல யோசனைகளே. ஆனால் மிச்சமான இடத்தில் மற்றோர் ‘ஒருவேளை’ வந்து அமர்ந்துகொள்வதைப் பெரும்பாலோர் கண்டிருப்பர். ரயிலில் தூங்கும் வசதி வகுப்பில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்ல அனுமதி உண்டு. அனுமதி என்பது வேறு, தேவை என்பது வேறு. ஆகவே பெட்டியை அடுக்குவது கைத்திறனைச் சேர்ந்தது மட்டுமன்று. எதைத் தேவை என்று ஒப்புக்கொள்வது என்னும் விவேகத்தையும் சேர்ந்தது.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் கூறும் ஐந்து யமங்களுள் இறுதியானது அபரிக்ரஹம். இதற்கு விளக்கம் எழுதிய வியாசர், பொருள்களிடத்தில் ஐந்து குறைகளைக் கண்டு அவற்றை ஏற்காதிருத்தலே அபரிக்ரஹம் என்கிறார். ஈட்டுதல், காத்தல், தேய்தல், பற்று, இம்சை என்பவை அந்த ஐந்து. துறவியருக்கு மட்டுமே உரியதாகத் தோன்றும் இவ்வரிசை, ரயில் நிலைய நடைமேடையில் அப்படியே கண்முன் நிற்கிறது. புறப்படுமுன் கடைக்குச் சென்று வாங்குவது ஈட்டுதல். இரவு முழுவதும் இருக்கையின் அடியில் சங்கிலி போட்டுப் பூட்டி, நிலையம் வரும்போதெல்லாம் விழித்துப் பார்ப்பது காத்தல். கசங்குவதும் கிழிவதும் தொலைவதும் தேய்தல். தொலைந்ததை எண்ணி மறுநாள் கூட்டத்தில் மனம் ஒன்றாமல் அமர்ந்திருப்பது பற்று. ஐந்தாவதான இம்சைதான் எளிதில் கண்ணில் படுவதில்லை.

கையில் தூக்கிச் சென்ற காலத்தில் பெட்டியின் எடையே பாடம் கற்பித்தது. சக்கரம் வந்தபின் கைக்கு எடை தெரிவதில்லை. நடைமேம்பாலத்தின் படிகளை அடைந்ததும் அது மீண்டும் பிறக்கிறது. அப்போது சிவப்புச் சட்டை அணிந்த ஒருவரின் தலைக்கு அது மாறுகிறது. ‘கூலி’ என்னும் பெயரைச் ‘சகாயக்’ என்று மாற்றுவதாக 2016-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட் அறிவித்தது. பெயர் மாறியதில் மரியாதை உண்டு, சுமை மாறவில்லை. அவருக்கு அது பிழைப்பு, கூலி தருகிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பணிக்கான சுமையைக் கூலி கொடுத்துச் சுமக்கச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் பிரிக்கப்படாமலேயே வீடு திரும்பப்போகும் மூன்று புத்தகங்களுக்காக இன்னொருவர் கழுத்து வளைவதற்குக் கூலி ஈடாகுமா?

வீட்டிலும் இதே கணக்கு உண்டு. கணவர் ஊருக்குப் புறப்பட, மனைவி இரவு பதினொரு மணிக்குச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்குவது பல இல்லங்களில் வழக்கம். தன் பெட்டியைத் தானே அடுக்காதவருக்கு அதனுள் இருப்பது எத்தனை என்பதே தெரியாது. அந்தக் கூடுதல் சட்டைகளைத் துவைப்பதும் அவர் அல்லர்.

1931-இல் வட்டமேஜை மாநாட்டிற்காக மகாத்மா காந்தி ‘ராஜபுதனா’ கப்பலில் லண்டன் புறப்பட்டார். அன்பர்கள் அன்பளிப்பாகத் தந்தவற்றையெல்லாம் உடன் வந்தோர் ஏற்றியிருந்தனர். ஏழைகளின் பிரதிநிதியாகச் செல்பவருடன் இத்தனை சுமை வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஏழு பெட்டிகள் ஏடன் துறைமுகத்திலிருந்தே பம்பாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அதே காந்தி, செப்டம்பரில் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரியிடம் தம் உடைமைகளைக் கூறியபோது அப்பட்டியலில் ஆறு ராட்டைகள் இருந்தன! எண்ணிக்கையைப் பார்த்தால் அது குறைவன்று. ராட்டை அவருடைய பணியின் கருவி. ஆகவே அது தங்கியது.

குறைவாக எடுத்துச் செல்வதே அபரிக்ரஹம் என்று கருதுவதும் பிழையே. சோப்பும் துண்டும் கம்பளியும் இல்லாமல் வந்து, தங்குமிடத்தில் உள்ள நண்பரிடம் ஒவ்வொன்றாகக் கேட்பவர் சுமையைத் துறக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறார். மாத்திரையை மறந்துவிட்டு நள்ளிரவில் மற்றவரைக் கடைக்கு ஓடவைப்பதில் எளிமை எங்கே இருக்கிறது?

சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையில் இவ்விரு பக்கங்களையும் காணலாம். தண்டு, கமண்டலு, கீதை, ‘இமிடேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ நூல் ஆகியவற்றுடன் பாரதம் முழுவதும் திரிந்த பரிவ்ராஜகர் அவர். 1893 மே 31-இல் பம்பாயில் கப்பல் ஏறியபோது முதன்முறையாகப் பெட்டிகளுடன் புறப்பட்டார். பொருள்களைக் கட்டிக் காப்பது தமக்குப் புதிது என்றும், தம் சக்தி அதிலேயே வீணாகிறது என்றும் ஜூலை 10 அன்று யோகோஹாமாவிலிருந்து சென்னைச் சீடர்களுக்கு எழுதினார். ஆனால் அத்தனை பொருள்களுக்கிடையே வேண்டியது இல்லை. வட பசிபிக்கைக் கடந்து வான்கூவர் செல்லும் வழியில் போதிய கம்பளி உடையின்றிக் குளிரில் மிகவும் வாடினார். அந்தத் துன்பத்தை அவர் தவமாகப் பாராட்டவில்லை. குறை என்றே எழுதினார்.

சர்வசமயப் பேரவை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. மாசசூசெட்ஸில் அவருடைய உடையை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் கூடியது. ஆகஸ்டு 20-ஆம் தேதிக் கடிதத்தில் அளசிங்கருக்குத் தம் ஏற்பாட்டைத் தெரிவித்தார்: வெளியில் நடமாட நீண்ட கறுப்புக் கோட்டு ஒன்று, சொற்பொழிவாற்றும்போது அணியச் சிவப்பு அங்கியும் தலைப்பாகையும்.