உச்சியில் குடியிருத்தல்

செல்வம் கைக்கு வந்த மனிதன் முதலில் விரும்புவது எது என்று கேட்டால், நல்ல உணவு என்றும் நல்ல உடை என்றும் விசாலமான வீடு என்றும் பலர் பலவாறு சொல்லக்கூடும். ஆனால் துறைமுகப் பட்டணங்களின் சரித்திரத்தை ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கு, அவன் எல்லாவற்றுக்கும் மேலாக விரும்புவது அயலாரின் அரவம் கேளாத ஓர் இடத்தையே என்பது தெரியவரும். கடல் வழியே பொருள் ஈட்டுகிறவன், அந்தப் பொருளுக்குக் காரணமான இரைச்சலையும் நெருக்கத்தையும் நெடுநாள் பொறுத்துக்கொண்டிருப்பதில்லை. பட்டணத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தால் அதன்மேல் ஏறிவிடுகிறான். பம்பாயில் மலபார் குன்றிலும், பினாங்கில் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையிலும், ஹாங்காங்கில் விக்டோரியா சிகரத்திலும் மாளிகைகள் எழுந்த கதை இதுதான். இவற்றுள் ஹாங்காங்கின் சிகரம் என் சிந்தையை விட்டு அகலாமல் நிற்பதற்குக் காரணம், அங்கே இந்த ஆசை ஒரு காலத்தில் அரசாங்கச் சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டது என்பதாகும்.

தீவின் மேற்குப் பாகத்தில் 552 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது அந்தச் சிகரம். அடிவாரத்தில் சென்ட்ரல் என்னும் வியாபாரப் பகுதி. வங்கிகளும் அலுவலகங்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வானளாவ நிற்பதால், தெருவில் நடக்கிறவன் நன்றாக அண்ணாந்தால்தான் ஒரு துண்டு ஆகாயம் அவனுக்குக் கிடைக்கும். அங்கிருந்து மேலே போகப் போக, இரைச்சல் படிப்படியாக அடங்கி, காற்றில் ஈரமும் இலைகளின் வாசனையும் கலந்து, பார்க்கர் சாலையையும் மவுண்ட் கெல்லட் சாலையையும் அடையும்போது வேறொரு தேசத்துக்கு வந்துவிட்டாற்போன்ற பிரமை உண்டாகிறது. உயர்ந்த மதில்கள், மூடிய இரும்புக் கதவுகள், அவற்றின்மேல் கவிந்து நிழல் செய்யும் மரங்கள். காவல்காரரையும் தோட்டக்காரரையும் தவிரத் தெருவில் மனித சஞ்சாரமே அரிது. உலகத்திலேயே மிக அதிக விலை பெறும் நிலங்களுள் ஒன்றான அந்தப் பிரதேசத்தில், அதன் சொந்தக்காரர் ஒருவரையாவது நான் கண்ணால் பார்க்கவில்லை.

அந்த வனம் ஆதியிலிருந்தே அங்கே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டிஷார் 1841-இல் தீவைக் கைப்பற்றியபோது, மலைச்சரிவுகள் பெரும்பாலும் புல்லும் பாறையுமாக வெறிச்சோடிக் கிடந்தன. 1870-களிலிருந்து, அரசாங்கத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த சார்லஸ் ஃபோர்டு என்பவரின் மேற்பார்வையில், லட்சக்கணக்கான கன்றுகள், பெரும்பாலும் பைன் மரங்கள், அச்சரிவுகளில் நடப்பட்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய ஆதிக்கத்தின்போது விறகுக்குத் தவித்த ஜனங்கள் அவற்றில் பெரும்பகுதியை வெட்டி எரித்துவிட, யுத்தம் முடிந்த பிறகு மறுபடியும் நட்டார்கள். ஆகவே இன்று மதில்களுக்கு அப்பாலும் இப்பாலும் வளர்ந்திருக்கும் பசுமையில் மிகுதியும், பொதுப் பணத்தைக் கொண்டு கூலியாட்களின் கைகள் நட்ட பசுமையே. பணக்காரர்கள் மரத்தைத் தேடிப் போனார்கள் என்பதைவிட, அவர்கள் போன இடத்துக்கு மரமும் வந்து சேர்ந்தது என்பதே பொருத்தம்.

அப்படியானால் ஆதியில் அவர்கள் எதைத் தேடிப் போனார்கள்? கோடை வெப்பத்துக்குத் தப்பி, குளிர்ந்த காற்றைத் தேடிப் போனார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1860-களின் இறுதியில் ஆளுநர் மக்டொனல் தமக்கென ஒரு கோடைவாசத்தை அங்கே ஏற்படுத்திக்கொள்ள, அவரைப் பின்பற்றி வர்த்தகர்களும் உத்தியோகஸ்தர்களும் ஏறினார்கள். ஆனால் அங்கே அவர்களுக்குக் கிடைத்த சௌகரியத்தின் லட்சணத்தையும் கவனிக்க வேண்டும். வசந்த காலம் தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் மூடுபனி சிகரத்தைப் போர்த்திக்கொள்ளும். கீழே வெயில் காயும்போது மேலே சுவர்களில் நீர் வழியும். பெட்டியிலிருந்த பட்டாடைகளிலும் காலணிகளிலும் பூசணம் பூக்கும். துணிகளைக் காப்பாற்றுவதற்கென்றே வீட்டுக்கொரு அறையை ஒதுக்கி, அதில் அனல் மூட்டி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு எதிரே உலகத்தின் மிக மனோகரமான துறைமுகம் இருந்தும், வருஷத்தில் கணிசமான நாட்கள் அதை அவர்கள் பார்க்க முடியாது. இவ்வளவு அசௌகரியத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு ஒருவன் ஓரிடத்தில் வாழ்கிறான் என்றால், அவன் தேடிப் போனது உடம்பின் சுகம் மட்டுமாக இருக்க முடியாது.

அது எது என்பதை 1904-ஆம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சிகரப் பிரதேசத்தில் சீனர்கள் குடியிருக்கலாகாது என்று விதித்த அந்தச் சட்டத்துக்கு ஆரோக்கியமே காரணமாகக் காட்டப்பட்டது. பத்து வருஷங்களுக்கு முன் 1894-இல், தை பிங் ஷான் என்னும் நெருக்கமான சீனக் குடியிருப்பைக் கொள்ளைநோய் சூறையாடியிருந்தது. அந்த நோயின் கிருமியை யெர்சன் என்னும் விஞ்ஞானி கண்டறிந்ததும் அதே வருஷத்தில், அதே ஊரில்தான். ஆனால் அச்சட்டம் வேலைக்காரர்களுக்கு விலக்கு அளித்திருந்தது! சீனன் சமைக்கலாம், பல்லக்குத் தூக்கலாம், குழந்தையைத் தாலாட்டலாம், இரவில் அந்த வீட்டிலேயே படுத்து உறங்கவும் செய்யலாம், அண்டை வீட்டுக்காரனாக மட்டும் இருக்கக் கூடாது. நோயின் பயம் உண்மையான காரணமாக இருந்திருந்தால், அடுப்பங்கரையில் நிற்பவனை அல்லவா முதலில் விலக்கியிருக்க வேண்டும்? பெருந்தனவந்தரான ஹோ துங்கின் குடும்பம் விதிவிலக்காக அங்கே வசித்தது உண்டு. ஆயினும் சட்டம் 1946 வரையில் ஏட்டில் நின்றது.

மனிதர்களை மேலே ஏற்றும் முறையும் இதே மனோபாவத்தைக் காட்டியது. 1888 மே மாதத்தில் ஓடத் தொடங்கிய டிராம், கம்பிவடத்தால் இழுக்கப்பட்டுச் செங்குத்தான சரிவில் ஏறுகிறது. அது வருவதற்கு முன், கனவான்கள் மனிதர் தோளில் நாற்காலிப் பல்லக்கில் ஏறிப் போனார்கள். அவர்களுடைய செங்கல்லும் நிலக்கரியும் உணவுப் பொருள்களும் ஆண்கள் பெண்கள் முதுகில் ஏறிப் போயின. டிராம் வந்த பின், முதல் வகுப்பு உத்தியோகஸ்தர்களுக்கும் சிகரவாசிகளுக்கும், இரண்டாம் வகுப்பு படையினருக்கும் போலீசாருக்கும், மூன்றாம் வகுப்பு ஏனைய ஜனங்களுக்கும் பிராணிகளுக்கும் என்று வகுக்கப்பட்டது. 1908 முதல் 1949 வரையில், முன்வரிசை இருக்கை ஆளுநருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது; வண்டி புறப்பட இரண்டு நிமிஷம் இருக்கும் வரையில் வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

ஏகாந்தத்தை நாடுவதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்க விரும்பாத மனம் நோயுற்ற மனமே. ஆனால் துறவி தேடும் ஏகாந்தத்துக்கும் சிகரவாசி தேடும் ஏகாந்தத்துக்கும் நடுவே ஒரு பேதம் உண்டு. துறவி தன் தண்ணீரைத் தானே மொண்டுகொள்கிறான். சிகரவாசியின் தனிமையோ அவனைச் சுற்றிப் பலர் ஓயாது உழைத்தால்தான் ஒரு நாளாவது நிற்கும். உயரே போகப் போக அவன் பிறரைச் சார்ந்திருப்பது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இன்றும் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். எஜமானின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கள் சென்ட்ரலின் நடைபாதைகளிலும் பாலங்களின் அடியிலும் அட்டைகளை விரித்து, கூடி உட்கார்ந்து, உண்டு, பாடி, ஒருவர் கூந்தலை மற்றவர் வாரிவிட்டுப் பொழுதைக் கழிக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் மாளிகையின் நிசப்தத்தில் வாழ்கிற அவர்கள், தங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் நாடிப் போவது சக மனிதரின் நெருக்கத்தையே என்பதை, வாழ்க்கையின் சுகம் எது என்று விசாரிக்கிற எவரும் அலட்சியம் செய்ய முடியாது.

மலைக்கு மேல், கீழ் என்ற பேதம் தெரியாது. 1972 ஜூன் 18-ஆம் தேதி, அடைமழையில், சிகரத்தின் சரிவிலுள்ள மிட்-லெவல்ஸ் என்னும் வசதியானோர் குடியிருப்பில் போ ஷான் சாலைக்கு அருகே மண் சரிந்து, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைச் சாய்த்து 67 பேரைக் கொன்றது. அதே நாளில், துறைமுகத்துக்கு அக்கரையில் சாவ் மாவ் பிங்கில், ஏழைகளின் குடிசைகள்மேல் மண் சரிந்து 71 பேர் மாண்டனர். இன்று அந்த ஊரின் சுமார் 60,000 செயற்கைச் சரிவுகளும் எண்ணிடப்பட்டுப் பேரேட்டில் பதியப்பட்டிருக்கின்றன. மாளிகையின் மதிலுக்கு அடியிலும், தொழிலாளர் அடுக்ககத்தின் பின்னாலும் அதே எண் பலகையை நான் கண்டபோது, ஓர் அரசாங்கம் செய்யக்கூடிய நல்ல காரியங்களுள் இது ஒன்று என்று தோன்றியது.

இன்னொன்றையும் அந்த அரசாங்கம் செய்திருக்கிறது. 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வனங்களும் மலைகளும் பொதுப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டு, ஹாங்காங்கின் நிலப்பரப்பில் சுமார் 40 சதவீதம் இப்போது பாதுகாப்பில் இருக்கிறது. ஒரே வீட்டைப் பலவாகத் தடுத்த குறுகிய அறைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிற ஊர் அது. அவர்களுக்கு வீடு தராத குறையை மரங்கள் ஈடுசெய்யா. எனினும், கால் நீட்டிப் படுக்க இடமில்லாதவனுக்கும் கால் வீசி நடக்க ஒரு காடு உரிமையாக இருக்கிறது. சிகரத்திலேயே, ஆளுநரின் கோடை மாளிகை நின்ற இடம் இப்போது ஒரு பொதுத் தோட்டம். மாளிகை 1946-இல் இடிக்கப்பட, காவற்காரரின் சிறு வீடு மட்டும் எஞ்சி நிற்கிறது.

சிகரத்தைச் சுற்றி லுகார்ட் சாலையும் ஹார்லெக் சாலையும் சேர்ந்து, சுமார் மூன்றரைக் கிலோமீட்டரில் ஒரு வட்டம் அமைத்திருக்கின்றன. ஏறக்குறைய சமதளமான பாதை. ஓரிடத்தில் பாறைச் சரிவிலிருந்து தூண்களின்மேல் வெளியே நீட்டிக்கொண்டு போகிறது. நமது வடகிழக்கு மலைக்காடுகளுக்கு உரிய ரப்பர் ஆலமரம் ஒன்று அங்கே விழுதுகளை விட்டு நிற்கிறது. மாளிகைகளின் ஜன்னல்களுக்குக் கிடைக்கும் அதே துறைமுகம், அதே காற்று, அதே நிழல் அந்தப் பாதையில் நடக்கிற எவருக்கும் கிடைக்கிறது. கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது. ஹாங்காங்குக்குப் போகிறவர்கள் டிராம் நிலையத்துக் கடைகளோடு திரும்பிவிடாமல் அந்தப் பாதையை ஒருமுறை சுற்றி வர வேண்டும். எந்த ஊரிலும் குன்றின்மேல் வீடு கட்ட அனுமதி வழங்குகிற அதிகாரிகளோ, அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுவதற்கு முன், வீடுகளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே பொதுஜனங்கள் நடப்பதற்கு இப்படி ஒரு பாதையை அளந்து ஒதுக்கிவிட வேண்டும்.