எண்ணும் சாட்சியும்

யார் ஆகச்சிறந்தவர் என்று கேட்பதே சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு காலத்துக்கும் ஒருவர், அவரவர் வழியில் எல்லோரும் பெரியவர்கள் என்பது அவர்கள் கட்சி. பெருந்தன்மை போலத் தோன்றும் இந்த நிலையில் எனக்கு உடன்பாடில்லை. இலக்கியத்தில் இதே நழுவலை வெகுகாலம் பார்த்தாயிற்று. க.நா.சு. பட்டியல் போட்டார், ரசனையின் தீர்ப்பை நம்பினார். ‘எழுத்து’ நடத்திய செல்லப்பா அலசிக் காட்டச் சொன்னார். வழி வேறானாலும் தரம் பிரிக்கும் பொறுப்பை இருவரும் கைவிடவில்லை. தரம் பிரிக்க மறுப்பவன் யாரையும் புண்படுத்துவதில்லை. யாரையும் உண்மையில் பார்ப்பதுமில்லை.

இதைக் கூடைப்பந்தை வைத்து யோசிக்கக் காரணம், ராயப்பன்பட்டி டீக்கடை பெஞ்சில் அது அன்றாட விவகாரமாகிவிட்டது. திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வரும் பையன்கள் கைபேசியும் கையுமாக ஜோர்டனா லெப்ரானா என்று மல்லுக்கட்டுகிறார்கள். 1991க்கும் 1998க்கும் இடையில் ஆறு இறுதிப் போட்டிகள் ஆடி ஆறிலும் வென்றவர் ஜோர்டன். லெப்ரான் 2023 பிப்ரவரியில் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைத் தாண்டியவர். இரண்டு கணக்கும் சரி. எந்தக் கணக்கு முக்கியம் என்பதை மட்டும் கணக்கு சொல்வதில்லை.

1961-62 பருவத்தை எடுத்துக்கொள்வோம். வில்ட் சேம்பர்லின் அந்த ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100. ஆனால் அந்தப் பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, 18.9 சராசரி வைத்திருந்த பில் ரஸ்ஸலுக்குப் போயிற்று. அப்போது வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. இருவரையும் எதிர்த்து ஆடி, இருவர் தோளிலும் மோதியவர்கள். சேம்பர்லினின் பிலடெல்பியா அணியை ஏழு ஆட்டத் தொடரில் வென்று, பாஸ்டன் அந்த ஆண்டின் கோப்பையையும் பெற்றது. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் பாஸ்டன் 11 முறை வென்றது.

ரஸ்ஸலின் பெரும் திறமை எதிராளியின் எறிபந்தைத் தடுப்பது. தடுத்த பந்து வெளியே போகாமல் தன் அணியின் கைக்கே சேரும்படி தட்டுவது. ஆனால் அந்த லீக் தடுப்புகளை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். அவர் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் பெரியவராக்கிய செயலுக்கு எண்ணே இல்லை. எண்ணப்படாதது நடக்காததாகிவிடுமா?

பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பெரியகுளத்தில் பல பத்தாண்டுகளாக மே மாதத்தில் நடந்துவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு, உத்தமபாளையம் சின்னமனூர் தேனி என்று பஸ் மாறிப் போய் வந்தவர். அங்கே தான் பார்த்த ஓர் ஆட்டக்காரருக்கு ஈடு யாருமில்லை என்பது அவர் தீர்ப்பு.

“எத்தனை பாயிண்ட் போட்டாரு தாத்தா?”

“யாருப்பா எண்ணுனா? அவரு எறங்குனா மத்த நாலு பேரும் நல்லா ஆடுவாங்க.”

“ரெக்கார்டு இருக்கா?”

“நான் இருக்கேன்ல.”

பையன்கள் சிரித்தார்கள். அந்தப் பதில் சிரிப்புக்குரியதல்ல என்று எனக்குப் படுகிறது. சேம்பர்லினின் நூறு புள்ளி ஆட்டத்துக்குச் சலனப்படம் கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து குறித்த தாள் இருக்கிறது. 4,124 பார்வையாளர்கள் இருந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. எண்ணும் ஒரு சாட்சியமே. சாட்சியின் முகம் அதில் அழிந்துவிட்டதால் அது நிரூபணம்போல் நிற்கிறது. பெரியவரின் சாட்சியத்தில் முகம் அழியவில்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தன் இளமையின் பிரகாசத்தை அந்த ஆட்டக்காரர் மேல் ஏற்றிச் சொல்கிறாரா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்காமலே தள்ளுவது அநீதி.

இன்னொரு அநீதியும் உண்டு. ‘எல்லாக் காலத்திலும்’ என்கிறோம். அந்த ‘எல்லா’வின் எல்லையை வரைவது காமிரா. 1970இல் அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முந்தாசிர் பெயர் பெஞ்சில் எழவில்லை. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற தமிழ்நாட்டு அனிதா பால்துரையின் பெயரும் எழவில்லை. அவர்களை ஜோர்டனுக்கு மேல் வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பார்க்காமலே விட்டதை, எடைபோட்டுத் தள்ளியதாகச் சொல்லக்கூடாது என்கிறேன்.

ஆகவே தீர்ப்புச் சொல்கிறவன் மூன்றைச் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவன்: தன் அளவுகோல் எது, எதைத் தானே பார்த்தான், எதைப் பிறர் வாக்கில் ஏற்றான். இவை இல்லாத பட்டியல் வெறும் விசுவாசம். இவை இருந்தால் தவறான பட்டியலும் பயன்படும்; மறுப்பவனுக்குக் கைப்பிடி கிடைக்கும்.

என் தீர்ப்பு ரஸ்ஸல். அளவுகோல்: உடன் ஆடும் நால்வரை யார் அதிகம் உயர்த்தினார் என்பது. நான் பார்த்தது சில துண்டுப் படங்கள். மற்றதெல்லாம் அவரோடு மோதியவர்கள் 1962இல் அளித்த வாக்கு. பெரியவரின் அளவுகோலும் இதுவே. அவருடைய ஆட்டக்காரருக்கு வாக்கு ஒன்றுதான் விழுந்திருக்கிறது. அதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.