தானாக ஓடும் என்று விட்டது

டிசம்பர் மழை மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலை. சிங்கப்பூரின் பொங்கோல் படகுத்துறையில் நண்பரின் படகு பின்பக்கம் அமுங்கிக் கிடந்தது. பக்கத்துப் படகுகள் மட்டமாக நிற்க, இது மட்டும் எழ முடியாமல் படுத்துவிட்ட மாடு போல. மூடியைத் தூக்கினால் அடிப்பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மேலே டீசல் படலம் நிறம் நிறமாக நெளிந்தது. இந்தத் தண்ணீரை இறைப்பதற்கென்றே வைத்த பம்ப் அதன் அடியில் முழுகிச் சும்மா கிடந்தது. நண்பர் துறைப்பக்கம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. "தானா ஓடும்னு நினைச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அதே சொல்லை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

படகின் அடிவயிற்றை இங்கே எல்லாரும் பில்ஜ் என்றே சொல்கிறார்கள். மழைத்தண்ணீர், அலை தெறித்தது, இயந்திரத்தில் சொட்டிய எண்ணெய், சுழல்தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் கசியும் கடல் நீர் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அங்கே ஒரு பம்ப், அதன் பக்கத்தில் ஒரு மிதவை சுவிட்ச். தண்ணீர் ஏறினால் மிதவை எழும், பம்ப் ஓடும். தண்ணீர் வற்றினால் மிதவை இறங்கும், பம்ப் நிற்கும். படகின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாலும் இது மட்டும் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வாங்கும்படி வயர் இழுத்திருப்பார்கள். ஆள் இல்லாத நேரத்துக்காகவே வைத்த காவல் அது.

காவல் தேவைதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 10 சதுர மீட்டர் திறந்த தளத்தில் 100 மில்லிமீட்டர் விழுந்தால் அது 1,000 லிட்டர். ஒரு டன் எடை. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே ஓர் அங்குலத் துளை விழுந்தாலோ, நிமிடத்துக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் கடல் உள்ளே வரும். உல்லாசப் படகுகளில் ஓடும்போது மூழ்குபவை குறைவு. கட்டிய கயிற்றோடு, யாரும் பார்க்காத நேரத்தில் மூழ்குபவைதான் அதிகம்.

செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறைகளில் முப்பது வருடம் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பம்பைத் தொடவே இல்லை. முதலில் கேட்டது, "மேனுவல்ல போட்டுப் பாத்தீங்களா தம்பி?" சுவிட்ச் பலகையில் குமிழைத் திருப்பினார். பம்ப் உறுமியது. உடனே அணைத்துவிட்டார். ஆட்டோவுக்குத் திருப்பினார். சத்தமில்லை. கையை விட்டு மிதவையைத் தூக்கிப் பிடித்தார். அப்போதும் இல்லை. "பம்பு நல்லாத்தான் இருக்கு. அதை எழுப்புறவன்தான் செத்துட்டான்."

அவர் பம்பை அவசரமாக அணைத்ததற்குக் காரணம் அந்த டீசல் படலம். மேனுவலில் விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் படகு நிமிர்ந்திருக்கும். எண்ணெய் ஜொகூர் நீரிணையில் கலந்திருக்கும். எதிர்க்கரை பாசிர் கூடாங். 2017 ஜனவரி 3ஆம் தேதி அங்கே இரண்டு கப்பல்கள் மோதி ஏறத்தாழ 300 டன் எண்ணெய் கொட்டியதில் நீரிணையின் மீன் பண்ணைகள் பட்ட பாட்டை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. பெரிய கப்பல்கள் வெளியேற்றும் பில்ஜ் நீரில் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது என்று உலகக் கடல் விதி சொல்கிறது. மிதவைக்கு எந்த விதியும் தெரியாது. தன்னைத் தூக்குவது மழையா டீசலா என்று அது கேட்காது. அதனால் எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளைப் போட்டுப் படலத்தை எடுத்தோம். மிச்சத்தை மூவரும் கேன்களில் மொண்டு ஊற்றிக் கழிவாகக் கொடுத்தோம். அரை நாள் போயிற்று. அந்த அரை நாள் வீணில்லை.

மொள்ள மொள்ள எனக்கு எங்கள் ஊர் மல்லிப்பட்டினம் நினைவுக்கு வந்தது. கட்டுமரத்துக்கு வயிறு கிடையாது. ஏறின தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே தானே இறங்கிப் போகும். வள்ளத்துக்கு அப்படியில்லை, இறைத்தாக வேண்டும். அப்பாவின் வள்ளத்தில் அது என் வேலை. குறுக்கே வெட்டிய எண்ணெய் கேன்தான் கருவி. கை ஓய்ந்து நான் நிறுத்தினால் அப்பா திட்ட மாட்டார். "வாயில வச்சுப் பாரு, என்ன தண்ணி?" என்பார். சப்பென்றிருந்தால் மழை, இறைத்துக்கொண்டே போகலாம். உப்புக் கரித்தால் பலகை எங்கேயோ வாய் திறந்திருக்கிறது; கரை திரும்ப வேண்டும். இறைக்கிறவனுக்குத்தான் படகின் உடம்பு தெரியும் என்று அவர் நம்பினார். பம்ப் வந்தது நல்லதே. எந்தப் பிள்ளையும் விடியற்காலையில் முதுகு ஒடிய இறைக்க வேண்டாம். ஆனால் அப்பா கேட்ட கேள்வியையும் பம்போடு சேர்த்து ஓய்வுக்கு அனுப்பிவிட்டோம். நன்றாக ஓடுகிற பம்ப் ஓட்டையை மறைத்துவிடும். நாளுக்கு இரண்டு தடவை இறைத்தது இருபது தடவை இறைக்கத் தொடங்கினாலும் கரையில் இருப்பவனுக்குத் தெரியாது.

பெரியவர் மின்சாரத்தைத் துண்டித்துப் பழைய சுவிட்சைக் கழற்றினார். மிதவையின் கீலில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. அதை எடுத்தும் உயிர் வரவில்லை. வயர் இணைப்பு பில்ஜுக்குள்ளேயே, வெறும் டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. பிரித்தால் செம்பு இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. "இதை இங்க முடிச்சுப் போட்டவன் அன்னிக்கே வீட்டுக்குச் சீக்கிரம் போயிருப்பான்" என்றார். கோபத்தை விட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. புதிய இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய், உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டி மூடினார். சுவிட்சை அடித்தளத்தில் நேராகத் திருகவில்லை. நீண்ட திருகாணி ஒன்று போதும், படகுக்கே துளை போட்டுவிடும். அங்கே ஒட்டியிருந்த பலகையில், பம்பின் அடிமட்டத்தைவிடத் தாழாமல் பொருத்தினார். தாழ்ந்தால் மிதவை இறங்காது, பம்ப் நிற்காது.

நிற்காததும் பழுதுதான். நாங்கள் இருவரும் யோசித்திராத விஷயம் அது. 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப் ஓயாமல் ஓடினால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன் பிறகு வருகிற மழைக்குப் படகு வெறுங்கையோடு நிற்கும். எழ வேண்டிய நேரத்தில் எழுவதும், அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதும் சேர்ந்துதான் காவல். இரவு பதினொன்றுக்கும் அலுவலகச் செய்திகளுக்குப் பதில் போடுகிற என் போன்றவர்களுக்கு இதைச் சொல்லத் தனி ஆள் தேவையில்லை.

கழற்றிய சுவிட்சை நண்பர் குப்பையில் போடப் போனபோது பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய மிதவைகள் பலவற்றில் பாதரசம் இருக்கும். 2013இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம் பாதரச சுவிட்சுகளின் தயாரிப்புக்கு 2020 என்று கெடு வைத்தது. அதற்கு முன்னால் செய்தவை இன்னும் எத்தனையோ படகுகளின் அடியில் கிடக்கின்றன. தனியாகப் பையில் கட்டி எடுத்துப் போனார்.

இனி என் கதை. சிங்கப்பூர் வந்த புதிதில், மாதத்தின் முதல் ஞாயிறு தேக்கா பக்கம் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்பேன். நின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் போடுவேன். "அனுப்புறேம்மா", "வந்துச்சுப்பா", பிறகு மாடு, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு நீளும். பிறகு எல்லாம் கைப்பேசியில் வந்தது. மாதம் பிறந்தால் பணம் தானாகப் போகும்படி செய்துவிட்டேன். ஒரு மாதமும் தவறவில்லை. போன் பேசுவது குறைந்தது. பேசினாலும் அம்மா ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார். பணம் போகிறதே, தானாக ஓடுகிறதே என்று நானும் இருந்துவிட்டேன். ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போனை அந்தக் காதில்தான் வைத்துப் பழக்கம். நான் பேசியதில் பாதி அவருக்கு எட்டவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலையேப்பா" என்றார்.

படகு வேலை முடிந்த அன்று இரவு வீட்டில் நாற்காலி போட்டு ஏறி, கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். குடிவந்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. அலறியது. பிள்ளைகள் பயந்து ஓடி வந்தார்கள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

படகுக்குத் திரும்புவோம். புதிய சுவிட்சைப் பொருத்திய மாலையில் பெரியவர் வாளி வாளியாக நல்ல தண்ணீரை பில்ஜில் ஊற்றச் சொன்னார். கையால் மிதவையைத் தூக்கிப் பார்ப்பது போதாது, தண்ணீரே தூக்க வேண்டும் என்றார். ஐந்தாவது வாளியில் மிதவை எழுந்தது. பம்ப் ஓடியது. இறைத்து முடித்துத் தானே நின்றது. நண்பர் கைகூப்பினார். எல்லாம் முடிந்தது என்று நான் கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். பெரியவரோ துணியால் பில்ஜை ஈரமில்லாமல் துடைத்து, ஆட்டோவில் விட்டு, மழை உள்ளே விழாதபடி மேலே தார்ப்பாய் கட்டினார். "நாளைக்குக் காலைல வரேன் தம்பி. தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னும் நாம பாக்கல."

மறுநாள் ஏழு மணிக்கு மூவரும் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். பம்ப் இரவு முழுக்க ஓடியிருக்கவில்லை. மிதவையைத் தூக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. சுழல்தண்டு வெளியேறும் இடத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு" என்றேன்.