பசையை எது ஒட்டுகிறது?

கோயம்புத்தூரில் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக வேலை பார்க்கிறேன். மேசையின் பச்சைத் துணியைத் துலக்கி இஸ்திரி போடுவது, புள்ளி எண்ணுவது, உறுப்பினர்களின் கியூக்களைச் செப்பம் செய்வது எல்லாம் என் பொறுப்பு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவேன். கியூவின் நுனியில் தோல் ஒட்டும் வேலையும் மெய்கண்டார் சாத்திரமும் ஒன்றோடொன்று பேசும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு பையன் கேட்ட கேள்விதான் பேச வைத்தது.

உறுப்பினர் ஒருவரின் பேரன் அவன். பள்ளி விடுமுறை. தாத்தா ஆடி முடிக்கும்வரை என் பெஞ்சருகே நின்று நான் டிப் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தோல கியூவோட எது அங்கிள் ஒட்டுது?"

"பசைதான் கண்ணு."

"அப்ப பசைய எது ஒட்டுது?"

எனக்குக் கை நின்றுவிட்டது. இது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி. வைசேடிகர் என்ற தத்துவ மரபினர் சேர்க்கையை இரண்டாகப் பிரிப்பார்கள். தனித்தனியே இருந்த இரண்டு பொருள்கள் வந்து கூடினால் அது சையோகம். துணியும் அதன் நூலும் போல, பூவும் அதன் நிறமும் போல, பிரித்து வைக்கவே முடியாதபடி இருந்தால் அது சமவாயம். இந்தச் சமவாயத்தையும் ஒரு தனிப்பொருளாகவே அவர்கள் எண்ணினார்கள். ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் அங்கேதான் மடக்குகிறார். இரண்டைச் சேர்க்க மூன்றாவது ஒன்று வேண்டுமானால், அந்த மூன்றாவதை முதலிரண்டோடு சேர்க்க நான்காவது வேண்டும். அதற்கு ஐந்தாவது. எங்கே போய் நிற்கும்? நிற்காது. தருக்க நூலார் இந்தக் குற்றத்தை அநவத்தை என்பார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தமிழில் தந்திருக்கிறார். நான் இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டது அந்த வழியாகத்தான்.

பையனிடம் சங்கரரைச் சொல்ல முடியாது. "பக்கத்துல வந்து பாரு" என்றேன். அவனுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்னூக்கர் கியூவின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரம், சிலது மேப்பிள். நுனியில் பித்தளைப் பூண். பூணின் தலைமேல் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தோல் வில்லை. அவ்வளவுதான் டிப். தோல் வருவதற்கு முன் நுனி வெறும் மரம். பந்தின் நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி அடித்தாலும் வழுக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை அதிகாரியான ஃபிரான்சுவா மேங்கோ தோல் நுனியைக் கொண்டுவந்தார். பாரிஸில் சிறைப்பட்டிருந்த காலத்தில் அவர் இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். பந்து சுழன்று திரும்பி வருவதைப் பார்த்தவர்கள் வாய்பிளந்து நின்ற காலம் அது. 1827இல் தன் ஆட்டமுறைகளை நூலாக்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1835இல், கொரியோலிஸ் என்ற கணித அறிஞர் அந்தச் சுழற்சிக்கெல்லாம் கணக்கு எழுதினார். பூமி சுழல்வதால் காற்று விலகிப் போவதற்கு இன்று வழங்கும் பெயர் இவருடையதுதான். எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1875இல் ஜபல்பூர் படை முகாமில் நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த ஸ்னூக்கர், விதிகளோடு ஊன்றியது எங்களுக்கு மேலே இருக்கும் உதகை கிளப்பில்.

தோல் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆடுகிறவர் மனத்தில் நினைத்தது முழுவதும் அதற்குள் பந்துக்குப் போய்ச் சேர வேண்டும். சையோகத்திலேயே ஒரு வகையைத் தருக்க நூல் சொல்கிறது: கை புத்தகத்தைத் தொட்டால் உடல் புத்தகத்தைத் தொட்டதாகிறது. தொடர்பிலிருந்து பிறக்கும் தொடர்பு அது. கை கியூவைப் பிடித்திருக்கிறது, கியூ தோலைத் தாங்கியிருக்கிறது, தோல் பந்தைத் தொடுகிறது. ஆகவே நான் பந்தைத் தொட்டேன். இந்தச் சங்கிலியில் தோலும் பித்தளையும் சேருமிடம் பழுதானால் 'நான் அடித்தேன்' என்பதே பொய்யாகிவிடும். டிப் தளர்ந்த கியூ அடிக்கும்போது செத்த சத்தம் போடும். அனுபவம் உள்ளவர் பந்து எங்கே போயிற்று என்று பார்க்கவே மாட்டார்; அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கியூவை என்னிடம் நீட்டிவிடுவார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய மார்க்கர் அடிக்கடி சொல்வார்: "பசைய நம்பாத கண்ணு. மொகத்த நம்பு." முகம் என்று அவர் சொன்னது ஒட்டவேண்டிய இரண்டு பரப்புகளை. முதலில் பழைய டிப்பைப் பிளேடால் எடுக்க வேண்டும். தோல் வந்துவிடும், பழைய பசை வராது. கண்ணாடிபோல் இறுகி, பித்தளையின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். அதன்மேல் புதுப் பசை வைத்தால் தோல் பழைய பசையோடு ஒட்டுமே தவிரப் பூணோடு ஒட்டாது. அதைச் சுரண்டித் தீர்த்த பிறகு பூணின் தலை தட்டையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் நடுவில் மட்டும்தான் தோல் உட்காரும். மெல்லிய அரத்தை லேசாக, ஒரே வாக்கில் ஓட்டினால் போதும். கொஞ்சம் அழுத்தினாலும் முகம் சாய்ந்துவிடும்.

அடுத்து தோலின் அடிப்பக்கம். உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து வைத்து, டிப்பை அதன்மேல் தேய்ப்பேன். தாளை நகர்த்தக் கூடாது, டிப்பைத்தான் நகர்த்த வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அடிப்பக்கம் வழவழவென்று மூடியிருக்கும். தேய்க்கத் தேய்க்க அது போய் நார் எழும்பும். பித்தளைக்கு நார் இல்லை, துளையும் இல்லை. அதனால் உப்புத்தாளால் அதற்குக் கீறல் கொடுக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதற்குப் பின் அந்த இரண்டு முகங்களிலும் விரல் படக்கூடாது. கை எவ்வளவு சுத்தமானாலும் அதில் எண்ணெய் உண்டு.

இப்போதுதான் பசை. தச்சர்கள் முன்பு வச்சிரப் பசை காய்ச்சுவார்கள். விலங்கின் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுப்பது. தோலை ஒட்டுவது தோலின் சாரமே என்பதில் ஒரு அழகு இருந்தது. இன்று சூப்பர் குளூ ஜெல். தோலிலும் காற்றிலும் உள்ள ஈரம் பட்டதும் அது இறுகத் தொடங்கும். பூணின் தலையில் ஒரு சொட்டு வைத்து, தோலை வைத்து, ஒரு சிறு திருகு திருகிப் பசையைப் பரவவிட்டு, நடுப்படுத்தி, கியூவைத் தலைகீழாக்கிச் சமமான பலகைமேல் நேராக அழுத்துவேன். ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு பிதுங்கி வரும். அந்தக் கோட்டைத்தான் தேடுவேன். பிறகு கியூவை விட்டுவிட வேண்டும். சில நிமிடத்தில் பிடித்துவிடும் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் ஓர் இரவு வைத்துவிட்டுத்தான் விளிம்பைச் சீவி, தலையைக் குவித்து, பக்கங்களை ஈரம் தொட்டுத் தேய்த்து மெருகேற்றுவேன்.

பையன் இங்கேயும் ஒன்று கேட்டான்: "ஏன் கொஞ்சம்தான் வெச்சீங்க? நெறைய வெச்சா இன்னும் கெட்டியா இருக்குமே?" அவனுடைய முதல் கேள்விக்கான விடை இந்த இரண்டாம் கேள்விக்குள் இருந்தது.

நிறைய வைத்தால் பிடிக்காது. மெல்லிய படலமாக இருக்கும் பசை நன்றாக இறுகும். தடித்த பசை உள்ளே சரியாகக் காயாமல், காய்ந்தாலும் நொறுங்கக்கூடியதாய், தோலுக்கும் பித்தளைக்கும் நடுவில் தனியாக ஒரு தட்டாக நிற்கும். அடி விழுந்தால் தோலும் உடையாது, பூணும் உடையாது; அந்தத் தட்டு உடையும். ஆக, சங்கரர் சொன்ன இடர் உண்மையில் வரும் இடம் இது. பசை மூன்றாவது பொருளாக நடுவில் நின்றால் அதை ஒட்ட இன்னொன்று தேவைப்படுகிறது. சரியாக ஒட்டிய டிப்பில் அப்படி ஒரு மூன்றாவது பொருளைக் காட்ட முடியாது. இளகியிருந்த பசை தோலின் நார்களுக்கிடையே இறங்கி, பித்தளையின் கீறல்களில் நிறைந்து, அங்கேயே இறுகிவிட்டது. குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் தோல் எந்த இடத்தில் முடிந்து பசை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சங்கரரின் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது: சேர்ப்பது எதுவோ அதுவும் தன் உருவத்தோடு நடுவில் உட்கார்ந்திருக்கும் என்று. பசை தன் உருவத்தை விட்டுவிட்டு இரண்டுக்குள்ளும் போய்விடுகிறது. அதனால் அதை ஒட்ட எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று அவனிடம் "பசை உள்ள போயிடுது கண்ணு, அதனால அதுக்குப் பசை வேண்டாம்" என்றேன். அவனுக்கு அது போதுமாயிருந்தது. எனக்குத்தான் அங்கிருந்து வேறொன்று தொடங்கியது.

இடையில் ஒன்று. நெற்றியில் நீறு இட்டுக்கொண்டு தோலைத் தொட்டு வேலை செய்கிறாயே என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வழுவூரில் யானையை உரித்துப் போர்த்தவனை வணங்குகிறவனிடம் கேட்கும் கேள்வி அல்ல இது. அவன் சந்நிதியில் மிருதங்கம் முழங்குவதும் தோலில்தான்.

சைவ சித்தாந்தம் சமவாயம் என்று ஒரு தனிப்பொருளை ஏற்பதில்லை. குணத்துக்கும் குணமுடைய பொருளுக்கும் உள்ளது தாதான்மியம் என்கிறது: சொல்லும்போது இரண்டு, பொருளில் ஒன்று. இறைவனும் உயிரும் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு 'ஒன்றாய், வேறாய், உடனாய்' என்ற மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. வகுப்பில் முதலில் இதைக் கேட்டபோது, மூன்றையும் எப்படி ஒரே நேரத்தில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. டிப் ஒட்டுகிறவனுக்கு அது தோன்றியிருக்கக் கூடாது. தோல் ஒருநாளும் பித்தளை ஆகாது. ஆனால் அடி விழும்போது தோலின் அடி, பித்தளையின் அடி, மரத்தின் அடி என்று மூன்று அடிகள் இல்லை, ஒரே அடிதான்.

உயிரை இறைவனோடு கூட்டுவது திருவருள். அந்த அருள் மூன்றாவது பொருளா? இல்லை என்கிறது சாத்திரம். அது சிவனுடைய சத்தி, சிவனின் வேறாகாதது. உயிருக்குள் நின்று உயிரை அறியச் செய்வது. கண் காண்பதற்கு உயிர் உடனிருந்து உதவுகிறது. உயிர் அறிவதற்கு இறைவன் உடனிருந்து உதவுகிறான். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பதினோராம் சூத்திரம் இதைத்தான் பேசுகிறது. உதவுகிறவன் நடுவில் நிற்பதில்லை, உள்ளே நிற்கிறான். நடுவில் நின்றால் சங்கரரின் கேள்வி வரும். உள்ளே நின்றால் வராது.

இதை நான் மனதார நம்புகிறேன். அதனால்தான் இறைவனுக்கும் மனிதனுக்கும் நடுவில் தடித்துப் போகும் எதையும் என்னால் ஏற்க முடிவதில்லை. சடங்கு வேண்டும், குரு வேண்டும், நூல் வேண்டும். மெய்கண்டார் மரபில் குருவில்லாமல் ஒன்றுமே இல்லை. ஆனால் குரு சீடனுக்குள் இறங்கிக் கரைகிறவராக இருக்க வேண்டும். தன் பெயரும் படமும் மேடையுமாக நடுவில் உறைந்துவிட்டால், சீடன் அவரோடு ஒட்டுவானே தவிர இறைவனோடு ஒட்டமாட்டான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இன்று நான் அரத்தைப் பிடிக்கும் பிடி அவருடையது. அப்படிப் பிடிக்கும்போது அவரை நினைப்பதுகூட இல்லை. நல்ல குருவுக்கு வேறு அடையாளம் எனக்குத் தெரியாது.

இவற்றை வகுப்பு ஆசிரியரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உவமை ஒரு எல்லை வரைக்கும்தானுங்க போகும்" என்றார். "பசை சடப்பொருள். நீங்க டிப்ப ஒட்டறதுக்கு ஒரு நாள் இருக்குது, பிரியறதுக்கும் ஒரு நாள் இருக்குது. உயிரும் இறைவனும் கூடினதுக்கு அப்படி ஒரு நாள் சொல்ல முடியுமாங்க?"

முடியாது. அந்தச் சேர்க்கை அநாதி. யாரும் ஒட்டவில்லை, யாராலும் ஒட்டவும் முடியாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் வேலையில் சாத்திரத்தோடு ஒத்துப்போவது பசை வைக்கும் பகுதிகூட அல்ல, அதற்கு முந்திய பகுதி: பழையதைச் சுரண்டுவது, முகத்தைத் தட்டையாக்குவது, எண்ணெய் துடைப்பது. சரியை, கிரியை, யோகம் என்று சொல்லும் வழிபாட்டுப் படிகளெல்லாம் அந்த வரிசையில்தான் வரும் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இங்கே எனக்கு ஒன்று இடிக்கிறது. பித்தளையில் படிந்த பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிடலாம். உயிரில் படிந்த ஆணவ மலம் என்ற அழுக்கை அப்படி எடுக்க முடியாது என்கிறது சித்தாந்தம். முத்தியிலும் அது இருக்கும். அதன் சத்தி மட்டும் மடங்கும். ஏன் என்று கேட்டேன். தொடக்கமில்லாத பொருளுக்கு அழிவும் இருக்க முடியாது என்று ஆசிரியர் சொன்னார். தருக்கம் சரிதான். பிளேடு பிடித்துப் பழகிய கை மட்டும் அதற்கு இன்னும் ஒப்பவில்லை. சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடிய உரையில் அந்தப் பகுதியைத் திரும்பவும் படித்துக்கொண்டிருக்கிறேன்.