ஆடும் தலை, ஆடாத எழுத்து

ஜான் லீ, டேவிட் ஜீ இருவரும் எழுதிய ‘தி நியூராலஜி ஆஃப் ஐ மூவ்மெண்ட்ஸ்’ 1983-இல் முதலில் வந்தது. 2015-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஓட்டப்பிடாரத்து வீட்டுத் திண்ணையில் அதை மடியில் வைத்து உட்கார்ந்தால் பெரியம்மா விடமாட்டார். “இன்னும் என்ன பரிட்சைய்யா எழுதப்போற? கண்ணாடி நம்பர் பாக்க இவ்ளோ படிக்கணுமா?”

நியாயமான கேள்விதான். கண் பரிசோதனை என் பிழைப்பு. அதற்கு இந்தப் புத்தகம் வேண்டியதில்லை. கண்ணை அசைக்கும் தசை ஆறு, நரம்பு மூன்று என்று கைடிலேயே இருக்கிறது. அவற்றில் ஒரு தசை, மூக்கோரம் ஒரு சிறு வளையத்துக்குள் நுழைந்து, ராட்டினத்தில் கிணற்றுக்கயிறு திரும்புவதுபோலத் திரும்பிக் கண்ணைப் பிடிக்கிறது. அந்தப் படத்தை மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் ஓர் அத்தியாயம் வேறொரு கேள்விக்குள் இறங்குகிறது. நடக்கும்போது நம் தலை ஓயாமல் குலுங்குகிறது. எதிரே உள்ள கடைப் பலகை மட்டும் ஏன் குலுங்குவதில்லை? உள்காதின் அரைவட்டக் குழாய்கள் தலையின் திருப்பத்தை உணர்ந்து சொல்ல, ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நொடியில் கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. பார்த்துத் திருத்துவதென்றால் பல மடங்கு நேரமாகும். அதனால் இந்த வேலை காதுக்கு.

அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போதுதான் ஜே.சி. எனக்கு அறிமுகமானார். பெயரை மறைத்து 1952-இல் தன் அனுபவத்தை எழுதிய அமெரிக்க மருத்துவர். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவருடைய உள்காதின் சமநிலை உறுப்பை அழித்துவிட்டது. நாடித் துடிப்பில் தலை அசைகிற அசைவே போதும், புத்தகத்தில் எழுத்து துள்ளும். கட்டில் தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையே தலையைச் செருகி அசையாமல் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

பிறகொரு நாள், உப்பளத்தில் வேலைபார்த்த பெரியவர் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். சார்ட்டில் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். “ஆனா நடந்தா எல்லாம் ஆடுதய்யா. எதுக்க வாற ஆளு மூஞ்சி தெரிய மாட்டேங்கு.” உடன் வந்த மகன், “எங்க போனாலும் கண்ணு நல்லாருக்குன்னுதான் சொல்லுதாவ. இவரு கேக்க மாட்டேங்காரு” என்று சலித்துக்கொண்டார். நான் பெரியவரின் தலையை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக லேசாக, வேகமாக ஆட்டிக்கொண்டே மறுபடி வாசிக்கச் சொன்னேன். பாதிச் சார்ட்டில் நின்றுவிட்டார். முன்பு டி.பி.க்கு அந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டதுண்டா என்று கேட்டேன். மாதக்கணக்கில் போட்டாராம்.

காது மருத்துவரைப் பார்க்க எழுதிக் கொடுத்தேன். அழிந்தது திரும்பாது, பயிற்சியால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் பெரியவர் சொன்னது பொய்யில்லை என்று அன்றைக்கு மகனுக்குப் புரிந்தது. தகப்பனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: மனிதர் சொல்வதை நம்புவதற்கும் படிப்பு வேண்டியிருக்கிறது. கைடு எனக்குச் சார்ட்டை நம்பத்தான் கற்றுக்கொடுத்தது.

கண் படிப்புப் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரி நூலகத்தில் அந்தப் புத்தகம் இருந்தால், பரிட்சை முடிந்த பிறகாவது அந்த ஓர் அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள். கடைசி வரியை வாசித்துவிட்டும் “பார்வை சரியில்லை” என்று ஒருவர் சொன்னால், உடனே அனுப்பிவிடாதீர்கள். தலையை ஆட்டி இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.